மூன்றாம் லைனில் சொல்லாமல் வந்து இறங்கிய மென்பொருள்

அனுப்புநர்
மேற்பார்வையாளர், மூன்றாம் லைன்,
பெயிண்ட் டப்பா மூடித் தொழிற்சாலை.

பெறுநர்
பாதுகாப்பு ஆய்வாளர் அவர்கள்,
தொழிற்சாலைகள் ஆய்வு அலுவலகம்.

பொருள்: வேலை நேரத்தில் எந்திர மென்பொருளைத் தொலைவிலிருந்து புதுப்பித்தது, அதில் ஒரு வலது கை தப்பியது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மற்றவர்கள் சொல்லித் தாங்கள் அறிவதைவிட நானே சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு அழுத்து எந்திரம் தானாக இயங்கியபோது, சிவப்புப் பொத்தானை அழுத்தியிருக்க வேண்டிய நான் சைக்கிள் ஷெட் வரை ஓடினேன். ஓடியவர்களில் முதல் ஆள் நான்தான். இந்தத் தொப்பைக்கு அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது என்று லைனில் இன்னும் ஆராய்ச்சி நடக்கிறது.

2. மூடி சிக்கினால் எந்திரத்தை நிறுத்தி, வலைக்கதவைத் திறந்து, எந்திரம் பழுதுபார்க்கும் ஃபிட்டர் கையை விட்டு எடுப்பது வழக்கம். கதவு திறந்திருந்தால் எந்திரக் கை இறங்காது; அதற்குக் கதவுக் காவல் என்று பெயர். ஒன்பது வருடமாக இறங்கியதில்லை. எங்கள் ஃபிட்டர் என் மனைவியின் தம்பி. வேலைக்குச் சேர்த்துவிட்டவன் நான். அவருக்கு ஒன்று ஆனால் ஆலையில் பதில் சொல்லிவிடலாம், வீட்டில் முடியாது.

3. அன்று அவர் முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத் தலைமை அலுவலகத்தில் யாரோ மென்பொருளைப் புதுப்பித்தார்கள். எந்திரம் அணைந்து எழுந்தது. எழுந்ததும் தன் இடத்தைச் சரிபார்க்க ஒருமுறை முழுதாக இறங்கி ஏறியது. புதுப்பிப்பு முடியும்வரை கதவுக் காவல் வேலை செய்யாது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

4. இறங்கியபோது கை அங்கே இல்லை. மேலாளர் மீசைக்குச் சாயம் அடித்து வந்திருக்கிறார் என்ற செய்தி எனக்குச் சற்று முன்புதான் கிடைத்திருந்தது. அந்தச் சத்தத்தில் கத்திச் சொல்ல முடியாத, வைத்துக்கொண்டிருக்கவும் முடியாத செய்தி. மைத்துனரைக் கைகாட்டி அழைத்தேன். "வேலை நேரத்துல என்ன மாமா" என்று சலித்துக்கொண்டே கையை எடுத்து இரண்டடி வந்தார். "இடது பக்கம் மட்டும்தான் கறுப்பு" என்று நான் சொல்லி முடிக்கவில்லை, அவர் முதுகுக்குப் பின்னால் எந்திரம் இறங்கியது. அதன்பின் நடந்ததை முதல் பத்தியில் தெரிவித்துள்ளேன்.

5. "ஊர்வம்பு வேணாம்னு இருபது வருஷமாத் தலையில அடிச்சுக்கிறேன். இனிமே தாராளமாப் பேசுங்க" என்று அன்று மாலை என் மனைவி அனுமதி வழங்கினார். தம்பியின் வலது கையைப் பிடித்தவர் சாப்பாடு ஆறும்வரை விடவில்லை. அவரும் இழுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் பக்கக் குற்றத்தையும் மறைக்கவில்லை. கையை விடுமுன் மெயின் சுவிட்சைப் பூட்ட வேண்டும். அதற்கென்று கொடுத்த பூட்டு பிஸ்கட் அலமாரியில் தொங்கிக்கொண்டிருந்தது. தாங்கள் இரண்டாம் லைன்காரர்களைப் பார்த்ததில்லை. புதன்கிழமை முதல் பூட்டு சுவிட்சில் இருக்கிறது. பிஸ்கட் குறையத் தொடங்கிவிட்டது.

6. ஆயினும், லைனில் நிற்பவனுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் எந்திரத்தில் கை வைப்பது எந்த நியாயத்தில் சேரும்? அடுத்த புதுப்பிப்பு இம்மாதம் 28 அன்று என்று கேள்வி. அன்றும் யாராவது சாயம் அடித்து வருவார்கள் என்று நம்பியிருக்க முடியாது. எனவே, எந்திரத்தை நிறுத்தி, ஆட்களை விலக்கி, லைனில் இருப்பவர் சம்மதம் தந்த பிறகே புதுப்பிக்கவும், கதவுக் காவலைச் சோதித்த பிறகே ஓட்டவும் தலைமை அலுவலகத்துக்கு உத்தரவிடுமாறு, பத்து விரலும் பத்திரமாக இருக்கும் நிம்மதியோடு வேண்டிக்கொள்கிறேன்.

இடம்: ஆலை கேன்டீன்
நாள்: மார்ச் 14

இப்படிக்கு,
(ஒப்பம்)
மேற்பார்வையாளர், மூன்றாம் லைன்

இணைப்பு:
அ) எந்திரப் பதிவேட்டின் நகல்.
ஆ) "செவ்வாய் காலை 10.45 முதல் 11 வரை மூன்றாம் லைனை நிறுத்தி வைக்கவும்" என்ற தலைமை அலுவலகச் சுற்றறிக்கை, ஒரு வாரத்துக்கு முந்தைய தேதியிட்டது. மேற்படி நகலை வைக்க உறை தேடியபோது என் மேசை இழுப்பறையில் கிடைத்தது. பெற்றுக்கொண்டதாக அதில் உள்ள கையொப்பம் என்னுடையதே.