உடம்பு சுடாத இருமல்

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? போனில் சொன்னால் அழுவாய், அதனால் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புகிறேன். போன வாரம் ஃப்ளூ வந்து இங்கே புனேயில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். இப்போது தேவலை, அங்கே சாம்பாரில் வெல்லம் போட்டதுதான் பெரிய கஷ்டம்.

நேற்று போனில் நீ, "உங்கப்பாவுக்கு நாலு நாளா இருமல், ஆனா உடம்பு சுடவே இல்ல. உன்ன மாதிரியே இரும்பு உடம்பு" என்று சிரித்தாய். எனக்கும் சுடவில்லை அம்மா. கிருமியை அடையாளம் கண்டு உடம்பை உசுப்பிக் காய்ச்சலை வரவைக்கும் உணரிகள் நம் செல்களில் உண்டு. நான் லேபில் ஆராய்வதே அவற்றைத்தான். எனக்கு அவை மந்தம் என்கிறார் டாக்டர். பரம்பரையாகவும் வருமாம். காய்ச்சல் காட்டாமலே ஃப்ளூ நுரையீரல் வரை போய்விட்டது.

இன்றே அப்பாவைத் திருவண்ணாமலை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. நெற்றியைத் தொட்டுப் பார்த்து நம்பாதே. விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கச் சொல். பஸ் ஏறியதும் போன் செய். லேபுக்குப் போகாமல் காத்திருக்கிறேன்.

கீதாஞ்சலி