மாதா கொடுத்த நெகட்டிவ்

1984 ஜூன் 12, செவ்வாய்

ஆர்.ஏ. பேக்டர் பாசிட்டிவ். ஸ்ரீரங்கத்து டாக்டர் ரெங்கராஜ் ரத்தச் சீட்டை மடித்து வைத்துவிட்டு, "முடக்குவாதம்மா. மாத்திரைய விட்டுடாதீங்க, விரல் கோணிப்போச்சுன்னா நிமிராது" என்றார். நான் டைப் அடித்துச் சம்பளம் வாங்குகிறவள். விரல் போனால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது? திரும்பும்போது சகாயநாதன் பஸ்ஸில் முண்டியடித்து எனக்கு ஜன்னல் சீட் பிடித்துக் கொடுத்தார். என் புருஷனுக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

ஜூன் 16

மாமியார், என் அத்தை, எனக்காக மாதாவுக்கு ஒன்பது சனிக்கிழமை நவநாள் நேர்ந்து, ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கிறார். காலையில் தலைகூட அவரே பின்னிவிடுகிறார். நான்கூட அவரை மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 14

நவநாள் முடிந்த கையோடு டாக்டரிடம்கூடப் போகாமல் அத்தை என்னை நேரே லேபுக்கு இழுத்துப்போனார். நெகட்டிவ்! விடிந்தால் மாதா திருநாள் வேறு. சீட்டைப் படத்துக்கு முன்னால் வைத்து முழந்தாளிட்டு அழுதார். பிறகு மாத்திரைகளை எடுத்துப் பரணில் போட்டார்.

"மாதா சுகம் குடுத்தப்புறமும் மருந்து தின்னா நன்றிகெட்டதனம் இல்லையா டோரதி?"

தலையாட்டினேன். எனக்கும் நம்பத்தான் ஆசை. வலி குறைந்துதானே இருக்கிறது — மாத்திரையாலா, மாதாவாலா? நான் யாரைக் கேட்பேன்?

செப்டம்பர் 8, வேளாங்கண்ணி

வெள்ளியில் ஒரு கை வாங்கிக் காணிக்கை போட்டோம். வழியெல்லாம் முன்பின் தெரியாதவர்களிடம்கூட அத்தை என் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் முகத்தை இத்தனை சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

வலி திரும்பிவிட்டது. எப்படிச் சொல்வது? வலிக்கிறது என்றால் யார் பொய் — அத்தையா, மாதாவா?

செப்டம்பர் 21

என் ரவிக்கை ஊக்கை இவர்தான் மாட்டிவிட்டார். "அம்மாகிட்ட நான் எப்படிம்மா சொல்வேன்" என்கிறார். பெற்ற பிள்ளைக்கே வாய் வரவில்லை.

அக்டோபர் 4

ஆபீசில் பொய் சொல்லிவிட்டு ஸ்ரீரங்கம் போனேன். டாக்டர் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். மூட்டெல்லாம் வீக்கம்.

"நெகட்டிவ்னு வந்துச்சே டாக்டர்."

"அது ஏறும், இறங்கும்மா. இந்த வியாதி இருக்கறவங்கள்ல எத்தனையோ பேருக்கு நெகட்டிவ்தான். ஒண்ணுமே இல்லாதவங்களுக்கும் பாசிட்டிவ் வரும். சீட்ட மட்டும் வெச்சு நான் எதையும் முடிவு பண்றதில்ல. காலைல எந்திரிச்சா எவ்வளவு நேரம் விரல் மடங்கல? அதச் சொல்லுங்க."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். இத்தனை வாரத்தில் ஒருத்தரும் என்னை இதைக் கேட்கவில்லை. இன்னும் கோணல் விழவில்லையாம். ஆனால் இன்றைக்கே மாத்திரையை ஆரம்பித்தாக வேண்டுமாம்.

வாங்கிக் கைப்பையில் வைத்திருக்கிறேன். போடவில்லை. ஒளித்து வைத்துத் தின்ன நான் என்ன திருடியா?

அக்டோபர் 13

பக்கத்துத் தெரு ரோசரி அக்கா வீட்டில் ஜெபமாலை. வழக்கம்போல அத்தை சாட்சி சொல்ல ஆரம்பித்தார். "இந்தக் கையத்தான் மாதா தொட்டாங்க" என்று என் கையைத் தூக்கிப் பிடித்து இறுக்கினார்.

"ஐயோ, விடுங்கத்தே! உசுரு போகுது!"

கத்திவிட்டேன். அத்தனை பேர் நடுவில். வீட்டுக்கு வந்து டாக்டர் சொன்னது, கைப்பை மாத்திரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அத்தை சாப்பிடாமலே படுத்துவிட்டார். பாவி, நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். ஆனா வலிச்சுதே, நான் என்ன பண்றது?

அக்டோபர் 15

பேச்சில்லை. தலை மட்டும் பின்னிவிட்டார்.

அக்டோபர் 17

இன்று ஜெபமாலை எங்கள் வீட்டில். கூடம் நிறைய ஆட்கள். பிரார்த்தனை முடிந்ததும் அத்தை எழுந்து நின்றார்.

"டோரதிக்குச் சுகமாயிடுச்சுன்னு ஊரெல்லாம் சொன்னது நான்தான். அவளக் கேக்காமலே சொல்லிட்டேன். அவளுக்கு இன்னும் வலிக்குது. எல்லாரும் அவளுக்காக இன்னொரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லுங்க."

சொன்னார்கள். சுண்டல் கொடுக்க எழுந்தேன். அத்தை தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"மாத்திரை போட்டியா?"

"இல்லத்தே."

"போ, போட்டுட்டு வந்து உக்காரு. இத நான் குடுக்கிறேன்."