அம்மாவின் வெள்ளைக் கையுறை

சென்னை, 12.5.1984

அன்புள்ள அப்பாவுக்கு இசபெல்லா எழுதுவது. அம்மாவின் இருமல் குறைந்ததா?

பள்ளி மாணவர்களுக்கான இந்தக் கோடைப் பயிற்சியில், புரதத்தின் சிறு துண்டுகளான பெப்டைடுகளை, மின்னூட்டமுள்ள துகள்களைப் பிடித்துவைக்கும் அயனிமாற்றுத் தாளில் வைத்து மின்சாரத்தால் பிரிக்கிறோம். மருந்து தெளித்தால் ஊதாப் புள்ளிகளாகத் தெரியும். இரண்டு வரவேண்டிய தாளில் எனக்கு ஐந்து வந்தன. மூன்று என் விரல் வியர்வைத் தடங்கள்.

"என்னம்மா, காரைக்கால் மீன் கொழம்பு இன்னும் கையிலயே இருக்கா?" என்று ஆசிரியர் சிரித்தார்.

"இருக்கட்டும் சார். கை படாம மறுபடி செய்யறேன்," என்றேன்.

அடுத்த வார ஞாயிறன்று என்னைப் பெண் பார்க்க வருகிறவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பயிற்சி முடியாமல் வரமாட்டேன். கொஞ்சம் கருவாடு அனுப்புங்கள், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். என் கல்யாணத்தன்று தேவாலயத்தில் போடவென்று அம்மா எடுத்துவைத்திருக்கும் வெள்ளைக் கையுறையையும் அனுப்புங்கள். அதைப் போட்டுக்கொண்டுதான் அடுத்த தாளைத் தொடுவேன்.

மணியடித்துவிட்டார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மகள்
இசபெல்லா