முத்துக்கண்ணன் வராத ஞாயிறுகள்

போடி
10-6-2024

அன்புள்ள அக்காவுக்கு,

வல்லி எழுதுவது. உன் முட்டுவலி தேவலையா? போனில் பேசாமல் எழுதச் சொன்னேன் என்று கோபிக்காதே. என் வீட்டுக்காரர் கூப்பிடும் நேரத்தில் லைன் கிடைக்காமல் போய்விடக் கூடாது. ஜீப்பை எஸ்டேட் வாசலில் நிறுத்திவிட்டு அவர் போய் எட்டு மாதம் ஆகிறது.

சூனியக்காரி ஆயம்மாள் செத்தவர்களைக் கூப்பிடும் வகுப்பு நடத்துகிறார், தெரியுமா? மூடிக்கிடந்த ஏலக்காய் ஸ்டோரில், ஞாயிறு பத்து மணிக்கு. அறுபது பேர் வருகிறோம். இறந்தவர் பெயரை நினைத்து ஒரு பிடி காய் அள்ளி, இரண்டிரண்டாக ஒதுக்க வேண்டும். கடைசியில் ஒற்றைக்காய் நின்றால் ஆள் வந்துவிட்டார் என்று அர்த்தம். பக்கத்து வீட்டு மருதாயிக்கு மாமியார் வந்தாளாம். "செத்தும் குழம்புல உப்பு பத்தலைங்குது கெழவி" என்றாள். ஸ்டோரே சிரித்தது.

எனக்கு ஆறு வாரமும் இரட்டைதான். "உன் ஆளு அந்தப் பக்கம் இல்லத்தா" என்றார் ஆயம்மாள். அவர் உயிரோடு இருக்கிறார், அக்கா.

உன் வல்லி

கோயம்புத்தூர்
17-6-2024

அன்புள்ள வல்லி,

ஆறு முறையும் இரட்டை விழ அறுபத்து நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அறுபது பேர் கூடுகிற இடத்தில் யாராவது ஒருவருக்கு அது நடக்கும். நான் கல்லூரியில் இதைத்தான் நடத்துகிறேன்.

முத்துக்கண்ணன் திரும்ப வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் ஏலக்காய்க்கு அது தெரியாது. வகுப்பை விட்டுவிடு. போலீஸில் என் எண்ணைத்தான் கொடுத்திருக்கிறோம். தகவல் வந்தால் முதலில் உனக்குத்தான் சொல்வேன்.

அக்கா சூர்யகலா

போடி
22-7-2024

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லாமல் கொள்ளாமல் நீ வந்தது எனக்கு எவ்வளவு சந்தோஷம். ஆனால் சரியாகவே சாப்பிடவில்லை. அவருக்கு எடுத்துவைத்த புது வேட்டியைக் காட்டியதும் ஏன் எழுந்து வெளியே போனாய்?

பஸ் ஏறுவதற்கு முன்னால் நீ ஆயம்மாளைப் பார்க்கப் போனதாக மருதாயி சொல்கிறாள். "படிச்ச பொம்பள, சண்டை போடத்தான் போயிருக்கும்டி" என்கிறாள். பாவம் அக்கா அவர். சண்டை போட்டாயா?

உன் வல்லி

கோயம்புத்தூர்
26-7-2024

அன்புள்ள வல்லி,

சண்டை போடவில்லை. வகுப்புக்குத் தவறாமல் போ. மருதாயியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்.

அக்கா

போடி
14-8-2024

சூர்யகலாவுக்கு,

நான்காம் தேதி ஒற்றைக்காய் நின்றது. ஆயம்மாள் என் கையைப் பிடித்து என் வீட்டுக்காரராகவே பேசினார். பாறையில் சறுக்கிவிட்டேன், வலிக்கவில்லை, இனிமேல் காத்திருக்காதே என்றார். அறுபது பேர் பார்க்க அங்கேயே தாலியைக் கழற்றினேன்.

நேற்று மலைப் போலீஸ் நிலையத்திலிருந்து ஒருவர் இறப்புச் சான்றிதழுக்கான காகிதங்களைக் கொண்டுவந்தார். பள்ளத்தில் கிடைத்த உடலின் படத்தையும் மோதிரத்தையும் பார்த்து அடையாளம் சொன்னது நீ. கையெழுத்துக்குக் கீழே 11-7 என்று உன் எழுத்திலேயே இருக்கிறது.

நேராக ஆயம்மாளிடம் போனேன். அவர் மறைக்கவில்லை. "உங்கக்கா அழுதுச்சு. நான் சொன்னா தாங்கமாட்டா, நீங்க சொன்னா ஏத்துக்கிருவான்னுச்சு. நாந்தேன் ஒரு காயைக் கூடப் போட்டேன். தப்புத்தேன் ஆத்தா" என்றார். அத்தனை வாரமும் என் வீட்டுக்காரர் ஏன் வரவில்லை என்று கேட்டேன். "தெரியலையே" என்று அவரும் அழுதார்.

இருபத்து நான்கு நாள். அத்தனை நாளும் காலையில் பூ வைத்தேன். இங்கே வந்தபோது நீ என் எதிரில் உட்கார்ந்து அதைப் பார்த்தாய். அவர் வந்ததும் என்ன சமைப்பேன் என்று சொன்னேன், தலையாட்டிக் கேட்டாய். நீ சொல்லியிருந்தால் உன் மடியில் விழுந்து அழுதிருப்பேன். ஊர் நடுவில் அழவைத்தாய்.

அவரைப் போலீஸார் புதைத்த இடத்தைக் காட்டுகிறார்களாம். நாளைக் காலை ஜீப்பில் போகிறேன். ஆயம்மாளக்கா துணைக்கு வருகிறார். நீ வர வேண்டாம்.

சந்திரவல்லி