நோயாளியிடம் ஒரு வார்த்தை

ஐப்பசி 9, வியாழன் இரவு

இன்று என் மனைவி பார்வதி டாக்டரிடம் போட்ட சண்டை இன்னும் காதில் கேட்கிறது.

பித்தப்பைக் கல் ஆபரேஷன் செலவைத் தர இன்சூரன்ஸ் கம்பெனி மறுத்துவிட்டது. பாலிசி எடுக்கும் முன்பே எனக்கு வலி இருந்ததாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் அப்படித்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று நான் வலியில் சுருண்டு கிடந்தபோது "ரொம்ப வருசமா வலிக்கி" என்று டாக்டரிடம் சொன்னவள் பார்வதிதான். நேற்று வந்த வலி என்றால் டாக்டர் சரியாகப் பார்க்கமாட்டார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

"நீங்க சொன்னதத்தானம்மா எழுதுனேன்? இப்ப மாத்தச் சொல்லுதீங்களே!" டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது.

"நோயாளி அவிய சார். அன்னைக்கு அவியகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? இப்பக் கேளுங்க. அவிய சொல்லுதத எழுதுங்க" என்றாள் பார்வதி, என்னைக் காட்டி.

டாக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பி, "எப்ப ஆரம்பிச்சது?" என்றார். போன பங்குனியில் கடைக்குச் சரக்கெடுக்கக் கயத்தாறு போனபோதுதான் முதன்முதலாக வலித்தது என்றேன். பாலிசி எடுத்தது அதற்கும் முந்தின வருடம்.

"ஒங்களத்தான் கேட்டிருக்கணும். தப்பு என்னோடதுதான்" என்று சொல்லி, கம்பெனிக்கு விளக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எத்தனை டாக்டர் இப்படிச் சொல்வார்? நன்றாக இருக்கட்டும்.

கம்பெனி என்ன சொல்லுமோ.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் எதிர்வீட்டு அண்ணாச்சி, "ஒடம்பு எப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்டார். "அவியளுக்கு..." என்று ஆரம்பித்த பார்வதி, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நல்லாருக்கேன் அண்ணாச்சி" என்று நானே சொன்னேன்.