பீப் பெட்டியை அனுப்பவில்லை

தங்மர்க்,
பிப்ரவரி 9.

அன்பு மகள் நுஸ்ரத்துக்கு, உன் அப்பா சோனாவுல்லா சலாம் சொல்லி எழுதுவது. அல்லாவின் கருணையால் நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், பசு மட்டும் குளிரில் பால் குறைத்துவிட்டது, மணாலியில் நீயும் இருமல் காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இது யார் கையெழுத்து என்று யோசிக்காதே, என்னுடையதுதான். பக்கத்து வீட்டு மஸ்ரத் நவம்பரிலிருந்து எனக்கும் இன்னும் நான்கு கிழவர்களுக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாள், மருந்துச் சீட்டும் பஸ் பலகையும் படிக்க ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் கற்றுக்கொண்டோம். இந்தக் கடிதத்தை நேற்றுக் காலை தொடங்கினேன், இப்போது இரண்டாம் நாள் மதியம். கை வலிக்கிறது, ஆனாலும் நிறுத்த மனமில்லை.

நீ கேட்ட சாமான்களை மூட்டை கட்டிவிட்டேன், லாரிக்கார பஷீர் நாளை எடுத்து வருகிறான், நான்கு நாளில் உன் கைக்கு வரும், உங்கள் பனிச்சறுக்குக் கூட்டம் கணவாய் ஏறக் கிளம்ப இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது என்பதால் கவலையில்லை. உள்ளே போட இரண்டு கம்பளிச் சட்டை, இரண்டும் மெல்லியவை. தடிமனான ஒன்றைப் போட்டால் ஏறும்போது வியர்த்து, நின்றவுடன் வியர்வை உறையும், மெல்லியது இரண்டென்றால் ஒன்றைக் கழற்றலாம். பருத்தி பனியன் எதுவும் எடுத்துப் போகாதே, நனைந்தால் அது உடம்பிலேயே பனிக்கட்டி கட்டின மாதிரி. கையுறை இரண்டு ஜோடி, ஒன்று ஏறுவதற்கு, இன்னொன்று நனையாமல் பைக்குள் இருப்பதற்கு. பூட்ஸை நான் அனுப்பவில்லை. பருவம் முடிந்து ஊர் திரும்பும் வெளிநாட்டுக்காரர்கள் விட்டுப்போன பூட்ஸைத்தானே அவர்களுக்கு மூட்டை தூக்கும் நாங்கள் எல்லோரும் போட்டோம், என் காலுக்கு இரண்டு அளவு பெரிது, உள்ளே துணி திணித்துத் திணித்து என் நகங்கள் போனதுதான் மிச்சம். உன் காலுக்குப் பொருந்துவதை அங்கேயே மாலையில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்கு. சறுக்குப் பலகையின் அடியில் ஒட்டி மேலே ஏறும் பட்டைகள் புதியவை, அவற்றை ஜாக்கெட்டுக்குள் உடம்புச் சூட்டில் வைத்துக்கொள், அது போதும். நான் போன வருடம் ஃபெரன் அங்கிக்குள் காங்கிரி நெருப்புச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெரிய புத்திசாலி என்று நினைத்தேன், பசை உருகிச் சாம்பலெல்லாம் ஒட்டிக்கொண்டது, என்னோடு மூட்டை தூக்கும் ரம்ஜான் மாமா அதைப் பார்த்துவிட்டு, "இத வச்சு அடுப்பு தொடைக்கலாம், மலை ஏற முடியாது" என்றார்.

இனி நான் இரண்டு நாளாகத் தள்ளிப்போட்ட விஷயத்துக்கு வருகிறேன். பனியில் புதைந்தால் கண்டுபிடிப்பதற்காக நான் மார்பில் கட்டும் பீப் பெட்டியை அனுப்பவில்லை. உங்கள் கூட்டத்தில் உனக்கு ஒதுக்கிய பெட்டியை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, அப்பாவைக் காப்பாற்றிய பெட்டியையே போட்டுக்கொள்வதாகச் சொன்னாயே, அப்படிச் செய்யாதே. செவ்வாய்க்கிழமை மூட்டையில் வைப்பதற்காக அதை எடுத்துக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். திருகு நிற்கும் இரண்டு இடத்திலும் சின்ன எழுத்து இருந்தது, படிக்க முடிந்தது, அந்தச் சந்தோஷத்தில் மஸ்ரத்தைக் கூப்பிட்டு அர்த்தம் கேட்டேன். முதல் இடம் நான் புதைந்தால் மற்றவருக்குக் குரல் கொடுப்பது, கடைசி இடம் புதைந்தவரைத் தேடுவது. நான் பதினொரு குளிர்காலமாகக் கடைசி வரை திருகித்தான் போட்டேன். மூட்டை தூக்கும் நாங்கள் எப்போதும் பின்னால் தனியாகப் போவோம், எங்களை யாரும் சோதித்ததில்லை. ஃபெரனுக்குள் என் பெட்டி முணுமுணுத்துக்கொண்டே இருக்கும், மற்றவர்கள் பெட்டிகள் ஊமையாக இருக்கும், பாவம் மட்டமான பெட்டிகள் என்று நினைத்துக்கொள்வேன். முணுமுணுத்தது அவர்கள் பெட்டிகளின் குரலைக் கேட்டுத்தான். ரம்ஜான் மாமா தன்னுடையதைக் கொண்டுவந்து விறகுக் கொட்டகையில் சோதித்துப் பார்த்தோம், அவர் தேட, நான் வழக்கம்போலக் கடைசி வரை திருகி நிற்க, ஒரு சத்தமும் இல்லை. "ஏன்டா சோனா, பதினொரு வருசமா நீ எங்களையே தேடிக்கிட்டு வந்திருக்க, உன்னத் தேட எங்களுக்கு வழியே விடலயே" என்றார். நான் சிரித்தேன், பிறகு விறகின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். அன்று த்ராங் பள்ளத்தில் பனி சரிந்து என்னை மூடியபோது பெட்டி கூவியதைக் கேட்டுத் தோண்டினார்கள் என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ரம்ஜான் மாமா அன்றே சொன்னார், "பெட்டியாவது ஒண்ணாவது, உன் பொண்டாட்டி பின்னின ஆரஞ்சு மப்ளர் ஒரு முழம் வெளியே கெடந்துச்சு." அந்த மப்ளரை நான் நாலு பேர் முன்னால் கேலி செய்திருந்தேன், அதனால் அவரை வாய் மூடச் சொன்னேன். நீ அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள். போனில் சொல்லப் பார்த்தேன், இரண்டு முறையும் பசுவைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். எழுதினால் சொல்ல வருகிறது. உன் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், அவள் ஒன்றும் திட்டவில்லை, "இப்பவாவது படிச்சீங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த மப்ளரை எடுத்து மூட்டையில் திணித்தாள். அதைக் கழுத்தில் சுற்றாதே, எங்காவது மாட்டிக்கொள்ளும், பையின் பின்னால் கட்டிக்கொள். அதையும் நம்பிவிடாதே, ஒரு முழம் வெளியே கிடந்தது என் அதிர்ஷ்டம்.

கூட்டத்தார் கொடுக்கும் பெட்டியையே போடு. தினமும் காலையில் கிளம்பும் முன் ஒருவர் தள்ளி நின்று தன் பெட்டியைத் தேடும் நிலையில் வைத்துக்கொள்ளட்டும், ஒவ்வொருவராக அவரைக் கடந்து போங்கள், உன் பெட்டியின் குரல் அவருக்குக் கேட்ட பிறகே நட. நீ கடைசி ஆளாகப் போகிறவள், கடைசி ஆளை யாரும் சோதிப்பதில்லை, அதனால் நீயே கூப்பிட்டுச் சோதிக்கச் சொல்.

அல்லா உன்னைப் பத்திரமாகக் கணவாய்க்கு அந்தப் பக்கம் கொண்டு சேர்ப்பானாக, உன் முழங்கால்களுக்குப் பலம் தருவானாக. முதல் நாள் உன் குரல் இன்னொருவருக்குக் கேட்டதா என்று ஒரு வரி எழுதி, திரும்பி வரும் யாரிடமாவது தபாலில் போடச் சொல். போனில் சொல்லாதே. நானே படிக்க வேண்டும்.

உன் அப்பா,
சோனாவுல்லா லோன்