ஜன்னலில் இருந்த எடைக்கல்

செவ்வாய், இரவு.

பம்மலில் தள்ளுவண்டியில் காய் விற்கும் மேரி இன்று எங்கள் எச்.ஐ.வி. சிகிச்சை மையத்துக்கு வந்தாள். எடை இரண்டு கிலோ கூடியிருந்தது. "வேளாவேளைக்கு துன்னுகினுதான் கீறேன்க்கா" என்றாள். எனக்கு ஒரே பெருமை. எடை தேறியவர்களுக்குச் சத்துமாவு கிடையாது என்பது விதி. அவளுக்கு மாவை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்தும் போட்டேன்.

மாலையில் ஆயா கழிவறை ஜன்னலிலிருந்து இரண்டு கிலோ எடைக்கல் ஒன்றை எடுத்து வந்தார். "யாரோ வுட்டுட்டு பூட்டாங்க மேடம்."

மேரி தன் தராசுக் கல்லை இடுப்பில் செருகிக்கொண்டு எடை பார்க்க நின்றிருக்கிறாள். போன மாதம் எடை ஏறவில்லை என்று எல்லோர் முன்னாலும் அவளைத் திட்டியவள் நான்தான். நாலு முறை கூப்பிட்டேன், போனை எடுக்கவில்லை.

கல்லைத் தேடியாவது நாளை வரட்டும்.